துப்பாக்கி வகுப்பின் முதல் பாடம்

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் சிராங்கூன் சாலையை மறந்திருக்க மாட்டார்கள். தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், பூக்கடைகள், நகைக்கடைகள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம் ஆகியவற்றைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் சீருடை அணிந்து, இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும் இளைஞர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லாருமே அரசாங்கப் போலீசார் அல்லர். துணைப் போலீசார் என்று ஒரு பிரிவினர் உண்டு. விமான நிலையம், குடிநுழைவுச் சாவடி, வங்கிப் பணத்தை ஏற்றிச் செல்லும் வண்டி, கூட்டம் கூடும் தெரு ஆகிய இடங்களில் காவல் பணி செய்பவர்கள் அவர்கள். 1972-ஆம் ஆண்டு சிஸ்கோ என்ற பெயரில் தொடங்கப்பெற்ற அமைப்பு, இன்று செர்டிஸ் என்ற நிறுவனமாக இப்பணியைச் செய்து வருகிறது. ஏட்டோஸ் போன்ற வேறு நிறுவனங்களும் உள்ளன. இந்நிறுவனங்கள் பல்லாண்டுகளாக மலேசியர்களையும் வேலைக்கு எடுத்து வருகின்றன.

இதனால்தான் இந்தப் பேச்சு நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தேவையாகிறது. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர், மகனோ மகளோ ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும்போது எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் வந்து கேட்கிறார்கள்: "ஐயா, நம்ம பையனுக்குத் துப்பாக்கி கொடுக்கப் போறாங்களாமே, அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பாங்க? ஆபத்து ஒன்னும் இல்லையே?" நியாயமான கேள்விதான். துப்பாக்கி வகுப்பில் முதன்முதலாகக் கால் வைப்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதை இன்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்புக்குப் போன அன்றே துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு போகிறார்கள். அப்படி நடப்பதில்லை. முதலில் நடப்பது நம் பள்ளிக்கூடத்தைப் போன்ற ஒரு வகுப்புத்தான். நாற்காலியில் அமர்ந்து சட்டத்தைக் கேட்க வேண்டும், துப்பாக்கியின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கற்க வேண்டும், பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அதன் பிறகு தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கொண்டு பயிற்சி. அதிலும் தேறிய பிறகுதான் சுடுதளம்.

சிங்கப்பூரில் இந்த வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் இடைநிலைப் பள்ளியில் முடித்த பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டளை காதில் விழுந்து மனத்தில் பதிவதற்கு ஒரு நொடி கூடுதலாகலாம். சுடுதளத்தில் அந்த ஒரு நொடி பெரிது. ஆகவே, 'சுடு', 'நிறுத்து', 'இறக்கு', 'காட்டு' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வகுப்பில் புரியாதபோது கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. புரியாமல் தலையாட்டுகிறவரைவிடக் கையைத் தூக்கிக் கேட்கிறவரைத்தான் நல்ல பயிற்றுநர் விரும்புவார்.

இனி விதிகளைப் பார்ப்போம். உலகெங்கும் துப்பாக்கி வகுப்புகளில் சொல்லித்தரும் விதிகள் நான்கு. நம் தோட்டத்து வேலையிலிருந்தே அவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்ட துப்பாக்கியாகவே கருத வேண்டும். "இப்போதுதான் பார்த்தேன், காலிதான்" என்று ஒருவர் சொன்னாலும், வாங்குகிறவர் தம் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். கொடுப்பவர் அண்ணனாக இருந்தாலும் அதிகாரியாக இருந்தாலும் இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாம் விதி: அழிக்க எண்ணாத எதன்மீதும் குழல் வாயைத் திருப்பக் கூடாது. குலை வெட்டும் அரிவாளை உறை போடாமல், முனை எங்கே திரும்புகிறது என்று பாராமல் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரைப் பெரியவர்கள் கண்டிப்பதில்லையா? அதே கண்டிப்புத்தான் இங்கும். யாராவது பெயர் சொல்லி அழைத்தால் உடம்போடு துப்பாக்கியும் திரும்பிவிடும். புதியவர்கள் சுடுதளத்தில் செய்யும் முதல் தவறு பெரும்பாலும் இதுவே. தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லப் பழக வேண்டும்.

மூன்றாம் விதி: குறி பார்த்துச் சுட முடிவு செய்யும் வரை விசையில் விரல் படக் கூடாது. விரல், விசைக்கு மேலே துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டியபடி இருக்க வேண்டும். கால் தடுக்கினாலும் திடுக்கிட்டாலும் நம் கை தானாக இறுக மூடிக்கொள்ளும். அப்போது விரல் விசையில் இருந்தால், நாம் எண்ணாமலே துப்பாக்கி சுட்டுவிடும்.

நான்காம் விதி: குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்து சுட வேண்டும். செம்பனைக் குலையை வெட்டுகிறவர் அரிவாளை இழுக்கும் முன், குலை எங்கே விழும், கீழே யார் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்று பார்க்கிறார் அல்லவா? கைத்துப்பாக்கியின் ரவை நொடிக்கு 200 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். ஆகவேதான் சுடுதளத்தில் மண்மேடோ இரும்புத் தடுப்போ அமைத்திருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை. அங்கே மக்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்ததாகக் கருவியைப் பற்றிப் பார்ப்போம். கைத்துப்பாக்கியில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கி. சிங்கப்பூர்ப் போலீசார் நெடுங்காலம் பயன்படுத்தியது ஐந்து தோட்டா கொள்ளும் ரிவால்வர். அதன் உருளையை வெளியே தள்ளினால் ஐந்து அறைகளும் கண்ணுக்குத் தெரியும், காலியா நிறைந்ததா என்பதில் ஐயம் வராது. மற்றொன்று பிஸ்டல். அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். ஆனால் குழலின் பின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அந்த ஒரு தோட்டா பல நாடுகளில் பல உயிர்களைக் கொண்டு போயிருக்கிறது. ஆகவே முதலில் கூட்டைக் கழற்றி, பிறகு மேல்பகுதியைப் பின்னால் இழுத்து அறையைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மாற்றிச் செய்தால், காலி செய்த அறைக்குள் கூட்டிலிருந்து புதிய தோட்டா ஏறிவிடும்.

பிறகு சுடுதளம். காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். துப்பாக்கி வெடிக்கும் ஒலி 140 டெசிபலுக்கும் மேலே போகும். ஒரே முறை கேட்டாலும் செவியின் உள்நரம்பு கெட்டுப்போகலாம், கெட்டால் திரும்ப வராது. தளத்தில் ஒருவர் குரலுக்கே அனைவரும் கட்டுப்பட வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்ற கட்டளையை மட்டும், ஆபத்தைக் கண்ட எவரும் கூவலாம். கேட்ட அனைவரும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

முதல் குண்டு போகும்போது கை உதறும், நெஞ்சு படபடக்கும். இது கோழைத்தனம் அன்று. எல்லாருக்கும் உள்ளதே. அடுத்த குண்டுக்கு முன்னால், வரப்போகும் சத்தத்தை எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பார்கள். குறி கீழே போய்விடும். இதைத் திருத்துவதற்குப் பயிற்றுநர்கள் ஓர் உபாயம் செய்வதுண்டு. நல்ல தோட்டாக்களுக்கு இடையே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார்கள். போலி வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் கை மட்டும் துள்ளும். தம் குறையைத் தாமே கண்டு மாணவர் சிரித்துவிடுவார். பிறகு திருந்துவார். விசையை அழுத்துவது பால் வெட்டுவதைப் போன்றது. கத்தியைப் பட்டையில் ஆழ இறக்கினால் மரம் காயப்படும், சீராக இழுத்தால் பால் ஒழுங்காக இறங்கும். வெட்டுக்கத்தி பிடித்த தாய் தகப்பனின் பிள்ளைகளுக்கு இந்த நிதானம் புதிதாக இருக்க முடியாது.

விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால், துப்பாக்கியைத் திருப்பிக் குழலுக்குள் பார்க்கவே கூடாது. சில நேரம் தோட்டா தாமதித்து வெடிக்கும். குழலைக் குறிப்பலகையின் பக்கமே வைத்துக்கொண்டு, மற்றொரு கையைத் தூக்கிப் பயிற்றுநரை அழைக்க வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகளையும் முகத்தையும் கழுவ வேண்டும். அதற்கு முன் உண்ணவோ புகைக்கவோ கூடாது. வெடிமருந்துப் புகையிலும் ரவையிலும் ஈயம் உண்டு. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே அதிகம் தாக்கும். ஆகவே அந்த உடையைத் தனியாகத் துவைப்பதும், உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவதும் நல்ல பழக்கம். தாய்மார்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

இனிச் சட்டம். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. குற்றம் செய்யும்போது தீங்கு விளைவிக்கும் எண்ணத்தோடு சுட்டால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் மரண தண்டனை. நம் நாட்டிலும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. பணியில் இருப்பவருக்கும் துப்பாக்கி சொந்தப் பொருள் ஆகாது. வேலை தொடங்கும்போது ஆயுத அறையில் கையெழுத்திட்டு வாங்கி, முடியும்போது எண்ணிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆகவே விடுமுறையில் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், "துப்பாக்கியைக் கொண்டு வந்து காட்டேன் தம்பி" என்று விளையாட்டுக்கும் கேட்காதீர்கள். சுட்ட தோட்டாவின் வெற்று உறையை நினைவுப் பொருளாகக் கொண்டு வரச் சொல்லாதீர்கள். அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு சாவடியைக் கடந்தால் விசாரணையில் போய் நிற்க வேண்டிவரும். அசல் போலத் தோன்றும் விளையாட்டுத் துப்பாக்கிகளையும் பையில் வைத்து எடுத்துப் போகக் கூடாது.

இத்தனை கட்டுப்பாடும் எதற்காக? 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் சாலையில், இந்தியத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூடியிருந்தவர்கள் கொதித்தெழுந்து கல்லெறிந்தார்கள், போலீஸ் வண்டிகளும் அவசர மருத்துவ வண்டியும் எரிந்தன. முதலில் அங்கே நின்ற சீருடைக்காரர்களில் துணைப் போலீசாரும் இருந்தார்கள். பலர் காயம்பட்டார்கள். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஆனாலும் அந்த இரவில் சீருடைக்காரர்கள் ஒரு குண்டும் சுடவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் தமிழகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பிழைக்க வந்த உழைப்பாளிகள், நம்மைப் போன்றவர்கள். ஒரே ஒரு விரல் அவசரப்பட்டிருந்தால் எத்தனை ஊர்களில் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்டிருக்கும்!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை இந்த வேலைக்குப் போகிறேன் என்றால் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டே தடுக்க வேண்டியதில்லை. அவன் குணத்தைப் பாருங்கள். சட்டென்று கோபப்படுகிறவனா? குடிக்கிறவனா? கடன் தொல்லையில் இருக்கிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு மனம் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால், மேலதிகாரியிடம் சொல்லி ஆயுதம் இல்லாத பணி கேட்கச் சொல்லுங்கள். அதில் அவமானம் இல்லை. பொறுமையும் கட்டுப்பாடும் உள்ள பிள்ளையாக இருந்தால் ஆசி கூறி அனுப்புங்கள். வகுப்பிலிருந்து வந்ததும், "எத்தனை குண்டு குறியில் பட்டது?" என்று கேட்பதற்கு முன்னால், "அந்த நான்கு விதிகளையும் சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். தடுமாறாமல் சொன்னால் பாடம் பதிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.