ஜுஜுவாடியில் லாரி ஏன் நிற்பதில்லை?

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறினால் ஜுஜுவாடி வரும். அடுத்தது அத்திப்பள்ளி, கர்நாடகம். 2017 ஜூன் வரை இந்த எல்லையில் வணிகவரி செக்போஸ்ட் இருந்தது. லாரிகள் வரிசைகட்டி நிற்கும். டிரைவர் பில்லும் கையுமாக இறங்கி ஓடுவார். ஓசூரில் செய்த பொருள் எல்லை தாண்டினால் மத்திய விற்பனை வரி. அங்கே மறுபடி விற்றால் அந்த மாநில வரி.

ஜூலை 1 அன்று இந்த வரிகளுக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. (சரக்கு மற்றும் சேவை வரி) வந்தது, எல்லையில் வரிச்சோதனை நின்றது. பிரதமர் ஒருவர் சொன்னால் இது நடந்துவிடாது. எந்த வரியை யார் போடலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை.

அங்கே இரண்டு அவைகள். மக்களவையில் 543 இடங்கள். ஓசூர், தளி, வேப்பனஹள்ளி, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து ஒரே எம்.பி.தான்! மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர். அவர்களுக்கு உங்கள் அப்பா அம்மா ஓட்டுப் போடுவதில்லை, எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்கள்.

ஜி.எஸ்.டி.க்கான அரசமைப்புத் திருத்த மசோதா 2015 மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையிலோ ஓராண்டுக்கு மேல் கிடந்தது. 2016 ஆகஸ்ட் 3 அன்று, சில திருத்தங்களோடு, அங்கே ஓட்டெடுப்பு: ஆதரவு 203, எதிர்ப்பு 0. திருத்தியதால் மக்களவைக்கே திரும்பிப் போய் 8-ஆம் தேதி மறுபடி ஓட்டு. சாதாரணச் சட்டத்துக்கு, ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் போதும். இந்தத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதியையும் தாண்ட வேண்டும். பிறகு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது சம்மதித்து, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும்.

எதிர்ப்பு 0 என்றால் எல்லோருக்கும் சம்மதமா? இல்லை. அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். வெளியே போனவர் ஓட்டு எந்தக் கணக்கிலும் சேராது. தமிழ்நாட்டுக்கு வருமானம் குறையும் என்பது அவர்கள் வாதம். யோசித்துப் பாருங்கள்: ஓசூரில் செய்த வண்டியைப் பீகாரில் ஒருவர் வாங்கினால், ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பங்கு பீகாருக்குத்தான் போகும். வண்டி செய்த மாநிலத்துக்கு?

இந்தக் கேள்வியைப் பல மாநிலங்கள் கேட்டன. அதனால் வருமானம் குறையும் மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள் இழப்பீடு தர நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அந்த 5 ஆண்டுகள் 2022 ஜூனில் முடிந்தன.