தட்டை முக நாய்களின் மூச்சுத் தடை

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் முதலிய தட்டை முக நாய்கள் உறக்கத்தில் குறட்டை விடுவதும், விழித்திருக்கையில் கரகரவென மூச்சு விடுவதும் அவ்வினங்களின் இயல்பென்றே பலர் கருதுகின்றனர். இது தவறு. அவ்வோசை, மூச்சு வழி குறுகியிருப்பதன் அறிகுறியாகும். 2003-ஆம் ஆண்டில் ஒரு செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றிய பின்னர், பக் நாய் இந்தியாவெங்கும் விரும்பி வளர்க்கப்படலாயிற்று. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இக்குறையைக் காலத்தே அறிதல் இன்றியமையாததாகும்.

காரணம்

குறுகிய முகமுடைய நாய்களையே மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததனால் மண்டையோட்டின் முன்பகுதி குறுகிற்று. அதனுள் அடங்கிய மென்திசுக்கள் அதே அளவிற்குக் குறையவில்லை. ஆதலின் நாசித் துவாரங்கள் கீறல்போல் ஒடுங்குகின்றன. நீண்டு தடித்த மெல்லண்ணம் குரல்வளையின் வாயிலை மறைக்கிறது. சீராக ஓடும் காற்றிற்கு, குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். இத்தடையை வெல்ல நாய் வலிந்து மூச்சிழுக்க, தொண்டைத் திசுக்கள் வீங்குகின்றன; நாளடைவில் குரல்வளையே உள்நோக்கிச் சரியவும் கூடும்.

நாய்க்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நாக்கை நீட்டி இரைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூச்சு வழி அடைபட்டிருப்பின் அவ்வழியும் பயனற்றுப் போகிறது.

கண்டறிதல்

நாசித் துவாரங்களின் அகலம், சிறிது ஓடியதும் களைத்தல், உண்டதைக் கக்குதல், தலையை உயர்த்தி வைத்தே உறங்குதல் ஆகியவற்றைக் களப்பணியாளர் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 2019-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் தொடங்கிய முறை எளியது. மருத்துவர் நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சொலியைக் கேட்பார். பின்னர் 3 நிமிடம் அதனை மெல்ல ஓடச் செய்து மீண்டும் கேட்பார். குறையற்றதற்கு 0 எனவும், கடுமையானதற்கு 3 எனவும் தரம் அளிக்கப்படும். ஓய்விலேயே திணறும் நாயை ஓடச் செய்யலாகாது.

சிகிச்சை

மிகு எடையைக் குறைத்தலே முதற் சிகிச்சை. கழுத்துப்பட்டைக்கு மாறாக மார்புப்பட்டை அணிவிக்க வேண்டும். வெயில் நேரத்தில் உலாவுதலைத் தவிர்க்க வேண்டும். குறை மிகுந்திருப்பின், நாசித் துவாரங்களை அகலப்படுத்தி, மிகுந்துள்ள மெல்லண்ணத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சை பயன்தரும். குரல்வளை சரியுமுன் இளவயதில் செய்தலே நன்று. மயக்கம் முற்றும் தெளியும்வரை மூச்சுக்குழலில் செலுத்திய குழாயை அகற்றாதிருத்தல் இவ்வினங்களில் மிக முக்கியமானது.

நாய் வெப்பத்தால் திணறி, நாக்கு நீலம் பாரிப்பின், நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்நீர் ஊற்றி விசிறுதல் வேண்டும். நீர் மூக்கினுட் புகலாகாது. முதலில் குளிர்வித்தல், பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் என்பதே முறை.

தடுப்பு

அறுவைச் சிகிச்சை அந்நாயின் துயரைக் குறைக்குமேயன்றி, அதன் குட்டிகளைக் காவாது. தரம் 3 பெற்ற நாய்களை இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்தலாகாது. குட்டி வாங்க விழைவோர் தாய் நாயின் மூச்சொலியைக் கேட்டறிதல் நலம். செயற்கைத் தேர்வு பற்றிய பாடத்தில் ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டலாம்: அழகெனக் கருதி மனிதன் தெரிந்தெடுத்த ஒரு வடிவம், அவ்வுயிரின் மூச்சையே தடுக்கக் கூடும் என்பதை மாணவர் உணர்வர்.