வழங்கியின் பதிப்பறிதல்: பீ.எச்.பி.யும் தமிழ் எழுத்தும்

இணையத்தளங்களை இயக்கும் நிரல்மொழிகளுள் பீ.எச்.பி. மிகப் பரவலானது. றாஸ்மஸ் லேடோவ் 1995 ஆம் ஆண்டிற் பொதுப் பயன்பாட்டிற்கு விட்ட சில கருவி நிரல்களிலிருந்து வளர்ந்தது இம்மொழி. தளமொன்றைத் தாங்கும் வழங்கிக் கணினியில் இதன் எப்பதிப்பு இயங்குகின்றது என்னும் வினா தொழினுட்பவியலாளர்க்கே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்திற் பேணுவோர் அவ்வாறு ஒதுக்கிவிடுதற்கில்லை.

'தமிழ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குப் புலப்படுவன மூன்றெழுத்துகள். யூனிகோட் கணக்கில் அவை ஐந்து குறியீடுகள். குறியீடொன்றுக்கு மூன்று பைற்றுகளாக யூ.டி.எவ். 8 முறையிற் பதினைந்து பைற்றுகள். பீ.எச்.பி.யின் சாதாரண நீளமளக்கும் கட்டளை 15 என்றே விடை பகரும். 5.3 வரையிலான பதிப்புகளில், சிறப்பெழுத்துகளை எச்.டி.எம்.எல். குறிகளாக மாற்றுங் கட்டளை, வேறு அறிவுறுத்தல் இல்லாதவிடத்து, எப்பனுவலையும் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகவே கொண்டது. ஆதலால் 'த' என்ற ஓரெழுத்து மூன்று அந்நியக் குறிகளாகச் சிதறிற்று. 2012 இல் வெளிவந்த 5.4 ஆம் பதிப்பிலேயே இந்நிலை மாறியது. யூனிகோட்டை மொழியின் அடித்தளத்திலேயே பொருத்த முனைந்த ஆறாம் பதிப்பு 2010 இற் கைவிடப்பட்டது. ஐந்தின் பின் ஏழு வந்த விந்தை இதனால் நேர்ந்ததே. சொல்லைப் புலப்படும் எழுத்துகளாகப் பிரித்துத் தருவதற்கென ஒரு கட்டளை 2024 இல் 8.4 உடன்தான் வந்தது. ஒரு சாராரின் எழுத்தையே பொது எழுத்தாகக் கொண்டமைந்த கருவிகள் ஏனையோரிடம் எவ்வளவு காலத்தை வரியாக அறவிடுகின்றன என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பதிப்பை அறியும் வழி யாது? வழங்கியின் கட்டளைச் சாளரத்திற் கேட்டால் ஓர் எண் கிடைக்கும். ஆயின் அது அச்சாளரத்தில் இயங்கும் பதிப்பின் எண். ஒரே கணினியிற் பல பதிப்புகள் ஒருங்கே இருத்தல் கூடும். பக்கங்களை உருவாக்கித் தருவது வேறொன்றாயிருக்கலாம். ஆகவே பக்கத்தையே வினாவுதல் வேண்டும். 'பீஎச்பி இன்போ' என்னுங் கட்டளையை மட்டுங் கொண்ட சிறு கோப்பைத் தளத்தின் கோப்புறையில் இட்டு, உலாவியிற் பார்த்தால் உண்மை வெளிப்படும். அக்கோப்பு வழங்கியின் உள்ளமைப்பையும் ஊரறியக் காட்டுமாதலின், பார்த்த கணமே அதனை அழித்துவிடல் வேண்டும்.

வழங்கி மறுமொழியோடு அனுப்பும் தலைப்புவரிகளிலும் இவ்வெண் வருவதுண்டு. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அதனை மறைத்துவிடலாம். பலரும் அவ்வாறே செய்கின்றனர்.

கண்டறிந்த எண்ணும் முழு உண்மை அன்று. 7.4 தொடருக்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதனை ஆக்குவோர் 2022 நவம்பரில் நிறுத்தினர். எனினும் றெட் ஹற், டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர், பதிப்பெண்ணை உயர்த்தாமலே திருத்தங்களைப் பழைய பதிப்பிற் புகுத்துவது வழக்கம். பொதியின் முழுப் பெயரையும் அதன் திருத்தக் குறிப்பையும் நோக்காது, எண் பழையது என்பதால் மட்டும் வழங்கி பாதுகாப்பற்றது எனல் பொருந்தாது.

வாடகை வழங்கிகளிற் பதிப்பைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வழங்கியின் உடைமையாளரே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகும் பழைய கட்டளைகள் 2015 டிசெம்பரில் 7.0 உடன் நீக்கப்பட்டன. அக்கட்டளைகளை நம்பி எழுதப்பட்ட தளம், உடைமையாளர் பதிப்பை உயர்த்தும் நாளிலேயே நின்றுபோகும். பதிப்பை முன்கூட்டியே அறிந்தவர் நிரலைத் திருத்திக்கொள்ளவோ, பனுவல்களை வேறிடத்திற் படியெடுத்து வைக்கவோ அவகாசம் பெறுவர்.