வளைந்த பம்பரை நிமிர்த்தும் வித்தை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும் ஏறுகிற சாலைகளும் அதற்குச் சளைத்தவை அல்ல. ஏலக்காய்ப் பருவம் வந்துவிட்டால், பொழுது புலர்வதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் உடும்பன்சோலைப் பக்கம் ஏறும். மாலையில் அதே வழியாக இறங்கும். தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் பேருந்துக்கு வேலை இல்லை. பழைய ஜீப்பும் பிக்கப் வண்டியும்தான் அங்கே எல்லாமும்.

அந்த வண்டிகளின் முகத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள். முன்பம்பரின் ஒரு முனை உள்நோக்கிச் சுருண்டிருக்கும். அல்லது நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். தோட்டத்து வாயில் தூணில் இடித்தது, பாறையில் உரசியது, சேற்றில் சிக்கிய இன்னொரு வண்டியை முட்டித் தள்ளியது என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வரலாறு இருக்கும். வளைந்த பம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதா, அல்லது நிமிர்த்தி மாட்டுவதா? பார்ப்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அந்த வண்டியில் பத்துப் பேர் ஏறி உட்கார்ந்து பள்ளத்தாக்கின் ஓரமாகப் போகிறார்கள் என்பதை நினைத்தால், அது அவ்வளவு சிறிய கேள்வி அல்ல என்பது விளங்கும்.

எல்லை கடந்த இரும்பு

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தமிழர் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்களும், தமிழ் பேசுவோர் நிறைந்த சித்தூர்ப் பகுதியும் கேரளத்தில் நின்றன. அடுத்த ஆண்டு சனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டமும், 1972 சனவரி 26 அன்று இடுக்கி மாவட்டமும் அமைந்தன. கோட்டைக் காகிதத்தில் போட்டாலும் சாலைகள் அதைக் கேட்கவில்லை. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே போக வேண்டுமானால் இன்றும் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டின் கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏற வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போக வேண்டும். ஏலக்காய் ஏலமும் அப்படியே. இந்தப் பக்கம் போடியிலும் நடக்கிறது, அந்தப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது.

பட்டறைகளும் இப்படித்தான் இரு கரையிலும் கால் வைத்து நிற்கின்றன. நாம் 'நிமிர்த்து' என்பதை மலையாளத்தார் 'நிவர்த்து' என்பார்கள்; 'வளைவு' இருவருக்கும் வளைவுதான். 1947-ல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பின்னர் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. அந்த வம்சத்து வண்டிகள் மலைக்கு ஏறியதும், அவற்றைப் பழுது பார்க்கும் கைகளும் கூடவே ஏறின. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் லேத்துக்கும் வார்ப்படத்துக்கும் பெயர்போன கோயம்புத்தூர் இருக்கிறது. கிடைக்காத உதிரிபாகத்தைச் செய்துகொள்வது இந்தப் பகுதியில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

பழைய பம்பர், புதிய பம்பர்

இன்றைய காரின் முன்னால் நாம் பார்ப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் உலோகத் தண்டும், நசுங்குவதற்கென்றே செய்த பாகங்களும்தான் இடியை வாங்கிக்கொள்கின்றன. அவற்றை நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஏனென்றால், ஒரு முறை நசுங்கிய பாகம் அடுத்த முறை அதே கணக்கில் நசுங்காது.

பழைய ஜீப், பிக்கப் கதை வேறு. அவற்றின் பம்பர் என்பது கனத்த இரும்புச் சட்டம். நேரே சேசிஸின் நுனியில் போல்டு போட்டு முடுக்கியது. இந்த ரகத்து இரும்பில் கரி குறைவு. ஆகவே உடையாமல் வளையும். வளைந்ததை நிமிர்த்தவும் இடம் கொடுக்கும். ஆனால் இடியைச் சேசிஸுக்கு அப்படியே கடத்திவிடுவதும் இதே பம்பர்தான்.

வெளிநாட்டில் இருக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு மாடல் முதல் முன்பம்பர்கள் மணிக்கு 5 மைல் வேக இடியைத் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. 1982-ல் அதை 2.5 மைலாகக் குறைத்தார்கள். அந்த விதி கார்களுக்கு மட்டும்தான். பிக்கப் டிரக்குகளுக்கு இல்லை. ஆகவே பழைய பிக்கப் எந்த நாட்டில் ஓடினாலும், அதன் பம்பரைப் பற்றிய பொறுப்பு உரிமையாளர் தலையில்தான்.

முதலில் பார்ப்பது பம்பரை அல்ல

நல்ல டிங்கரிங் ஆள் வண்டி வந்தவுடன் சுத்தியலைத் தூக்க மாட்டார். படுத்துக்கொண்டு அடியில் பார்ப்பார். பம்பர் வளைந்தது தெரிந்த சங்கதி. அதைத் தாங்கும் கிளாம்பு, அதற்குப் பின்னால் இருக்கும் சேசிஸ் நுனி, அங்கே தொங்கும் ஸ்பிரிங் பட்டையின் பிடிப்பு, பக்கத்தில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டி, ரேடியேட்டர் ஆகியவை என்ன ஆயின என்பதுதான் தெரியாத சங்கதி.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சேசிஸின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துளைகளில் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் தேர்ந்தெடுங்கள். குறுக்காக மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். பிறகு முன் அச்சிலிருந்து பம்பர் கிளாம்பு வரை இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய வண்டியில் சகஜம். அதற்கு மேல் போனால் அது பம்பர் வேலை அல்ல, சேசிஸ் வேலை. அதற்கென்று இழுவைச் சாதனம் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பெயிண்ட் வரிவரியாக வெடித்திருப்பதும், போல்டுத் துளை முட்டை வடிவமாக இழுபட்டிருப்பதும் சேசிஸ் அசைந்ததற்கான அடையாளங்கள்.

கழற்றி வேலை செய்

வண்டியிலேயே வைத்து அடித்து நிமிர்த்துவது பலருக்கும் பழக்கம். அவசரத்துக்குச் சரி, ஆனால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் கிளாம்புக்கும் சேசிஸுக்கும் போகிறது. மரத்தில் சங்கிலியைக் கட்டி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து இழுப்பது அதைவிட மோசம். சங்கிலி அறுந்தால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்க நிற்கும் பிள்ளைகள்தான் அதற்கு முதல் பலி.

ஆகவே கழற்றுங்கள். மலைமழையில் துருப்பிடித்த நட்டு உடனே வராது. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பழைய போல்டைத் திரும்பப் போடாதீர்கள். புதிய போல்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அது வலுவைக் குறிக்கும் எண்.

குளிர்ந்த இரும்பும் பழுத்த இரும்பும்

'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்பார்கள். இரும்புக்கும் கொஞ்சம் அந்தக் குணம் உண்டு. நேராகும் வரை அழுத்தி விட்டால், விட்டவுடன் சிறிது பின்வாங்கும். ஆகவே நேர்க்கோட்டைத் தாண்டி ஒரு இழை அதிகமாக அழுத்த வேண்டும். எவ்வளவு அதிகம் என்பது கை அனுபவம். அதனால்தான் கொஞ்சம் அழுத்தி, விட்டு, நூல் பிடித்துப் பார்த்து, மறுபடி அழுத்துகிறார்கள். 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பது இங்கே சரியான பாடம்.

வரிசையும் முக்கியம். இடிபட்டபோது முதலில் வளைந்தது எது, கடைசியில் வளைந்தது எது என்று யோசியுங்கள். கடைசியில் வளைந்ததை முதலில் நிமிர்த்த வேண்டும். பள்ளத்தின் நடுவிலேயே சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உலோகம் விரிந்துவிடும். பிறகு அது எந்தப் பக்கமும் உட்காராது. கனத்த மரக்கட்டையை இடையில் வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் மெதுவாக அழுத்துவதே மேல்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பதும் இரும்புக்குப் பொருந்தும். குளிர்ந்த நிலையில் வளைக்க வளைக்க இரும்பு இறுகும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை வளைத்து நிமிர்த்திய பம்பர் அடுத்த முறை வளையாது; விரிசல் விடும்.

வளைவு கூர்மையாக மடிந்திருந்தால் சூடு தேவை. வாயு விளக்கால் மடிப்பின் சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். நிழலில் பார்க்கும்போது மங்கிய சிவப்பு தெரிந்தால் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ். கோவைப்பழச் சிவப்பு வந்தால் 700-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சிவப்பில்தான் வேலை செய்ய வேண்டும். சிவப்பு மறைந்து நீலம் பாயும் சூட்டில், அதாவது 200 முதல் 350 டிகிரிக்குள், அடித்தால் இரும்பு இளகுவதற்குப் பதிலாக முறுகி வெடிக்கும். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்காமல் தானே ஆற விடுங்கள்.

எல்லாப் பம்பரையும் காய்ச்சலாமா? கூடாது. பளபளக்கும் குரோமியப் பூச்சு சூட்டில் கறுத்து உரியும். அதைக் குளிர்ந்த நிலையில்தான் அழுத்த வேண்டும், பிறகு மறுபூச்சு கொடுக்க வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ளதைக் காய்ச்சினாலோ வெல்டிங் செய்தாலோ வரும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். இரு முனையும் அடைபட்ட குழாய்ப் பம்பரைக் காய்ச்சினால் உள்ளே காற்று விரிந்து வெடிக்கலாம். பழைய அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் பம்பருக்குப் பின்னால் வாயு அடைத்த உருளைகள் இருக்கும். அவற்றின் அருகே தீ போகவே கூடாது.

விரிசலும் துருவும்

விரிசல் தெரிந்தால் அதன் முனையில் சிறு துளை போடுங்கள். அதற்கு மேல் அது ஓடாது. பிறகு விரிசலை வாய்க்கால் போல் தேய்த்து, அடிவரை வெல்டிங் நிரப்ப வேண்டும். மேலாக ஒரு கோடு இழுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். அடுத்த இடியில் இரண்டாகப் பிளக்கும். வண்டியிலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் புகைந்துவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் இது இன்னும் முக்கியம்.

இடுக்கி மலையின் மழையில் இரும்பு உள்ளிருந்துதான் அரிக்கும். வெளிப்புறம் மூன்று கோட்டிங் அடித்து, உட்புறத்தை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, அன்றைக்கே பிரைமரை உட்புறம் வெளிப்புறம் இரண்டிலும் பூசுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் வடிகால் துளை ஒன்று இருக்கட்டும்.

கம்பி கட்டிய முகம்

நிமிர்த்தும்போதே 'முன்னால் ஒரு கம்பிக் கூண்டும் போட்டுவிடலாம்' என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. யானை உலவும் காட்டுப்பாதையில் அது தைரியம் தருவதுபோல் தோன்றும். ஆனால் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய கூண்டுகளை அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு அது மாறானது. காரணமும் நியாயமானதே. அந்தக் கூண்டு பாதசாரியின் எலும்பை முறிக்கும். இடியை நேரே சேசிஸுக்குக் கடத்தும். ஏர்பேக் விரிவதையும் கெடுக்கக்கூடும்.

எப்போது போதும் என்று சொல்வது?

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பம்பர் காரணம் என்று சொல்லவில்லை. மலையில் ஆளேற்றும் பழைய வண்டியில் எந்தப் பழுதையும் 'சின்னப் பழுது' என்று ஒதுக்க முடியாது என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறோம். முன்பக்கம் இடித்த வண்டியின் பம்பரை மட்டும் நிமிர்த்தி, ஸ்பிரிங் பிடிப்பையும் ஸ்டியரிங் பெட்டியையும் பார்க்காமல் விட்டால், மறுநாள் காலையில் அந்தக் கணக்கைத் தீர்ப்பவர்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் கூலிப் பெண்கள்தான்.

எட்டு ஆண்டு கடந்த வணிக வாகனத்துக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக மட்டும் பெயிண்ட் அடிக்காமல், அந்த நாளையே வண்டியை அடியில் படுத்துப் பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

பம்பர் ஒரே இடத்தில் இரண்டாம் முறை வளைந்தாலோ, துளைகள் கிழிந்திருந்தாலோ, துரு இரும்பைத் தாளாக மெலித்திருந்தாலோ, சேசிஸ் அளவு ஒத்துவராவிட்டாலோ நிமிர்த்தும் ஆசையை விட்டுவிடுங்கள். மற்றபடி நேர்மையான பட்டறையில் பொறுமையாக நிமிர்த்திய பழைய சட்டம், கடையில் வாங்கும் மெல்லிய புதிய தகட்டைவிட நன்றாகவே உழைக்கும். ஊரில் அண்ணன், மாமா என்று யாரேனும் பழைய ஜீப் வைத்திருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரித்த கையோடு, அந்த வண்டியின் முன்பக்கத்தை அடியில் படுத்து யாராவது பார்த்தார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.