நடந்ததை மட்டும்

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து ஓராண்டு ஆனபோது, 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூ யார்க்கர்' தன் இதழ் முழுவதையும் ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது. எழுதியவர் ஜான் ஹெர்சி. மாண்டவர் கணக்கைச் செய்தித்தாள்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. ஹெர்சியோ உயிர் பிழைத்த ஆறு பேரை எடுத்துக்கொண்டார். ஓர் அலுவலக எழுத்தர், இரு மருத்துவர்கள், தையல்காரரின் விதவை மனைவி, இரு மதகுருமார்கள். குண்டு வெடித்த நொடியில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தொடங்கினார். லட்சம் என்ற எண் தராத துயரத்தை அந்த ஆறு பேரும் வாசகர்களுக்கு உணர்த்தினார்கள். நாவலுக்குரிய காட்சி, பாத்திரம், உரையாடல் ஆகியவற்றைக் கொண்டு நடந்ததைச் சொல்லும் இலக்கிய இதழியலின் வலிமை அது.

ஆபத்தும் அதே கருவிகளில்தான் இருக்கிறது. கான்சாஸில் 1959இல் ஒரு குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டதை ட்ரூமன் கபோட்டி 'இன் கோல்ட் பிளட்' நூலாக எழுதினார். அத்தனையும் உண்மை என்றார். பேட்டியின்போது குறிப்பே எடுப்பதில்லை என்றும் பெருமைப்பட்டார். ஆனால் நூலை முடித்துவைக்கும் கல்லறைக் காட்சி அவரது கற்பனை என்று அவர் வரலாற்றை எழுதிய ஜெரால்டு கிளார்க் பதிவுசெய்திருக்கிறார். ஒரு காட்சிதானே, வழக்கின் சாரம் கெடவில்லையே என்று சிலர் வாதிடலாம். எது கற்பனை என்று பிரித்தறிய வாசகருக்கு வழியில்லாதபோது மற்றப் பக்கங்களும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. எந்தச் செய்தியும் தேர்ந்தெடுத்த விவரங்களின் தொகுப்புதானே என்பது இன்னொரு வாதம். உண்மைதான், ஹெர்சியும் தேர்ந்தெடுத்தார். ஆனால் நடந்தவற்றில் சிலவற்றை விடுவது வேறு, நடக்காததைச் சேர்ப்பது வேறு.