உங்களுக்குத் தெரியுமா? மாயக்கதைப் படங்களின் ஒளியும் செட்டும்

கதவுக்குப் பின்னால் இன்னொருவர்
‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) படத்தில் டோரத்தி கதவைத் திறந்ததும் பழுப்பு உலகம் போய் வண்ண உலகம் விரியுமே, அந்த ஷாட்டை முழுக்க வண்ண ஃபிலிமில்தான் எடுத்தார்கள். வீட்டின் உட்சுவர், கதவு, சட்டம் எல்லாவற்றுக்கும் பழுப்பு பெயின்ட். ஜூடி கார்லண்டுக்கு டூப் போட்ட பெண்ணுக்கும் அதே பழுப்பில் கவுன். முகம் காட்டாமல் அவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, நீலக் கட்டம் போட்ட கவுனில் உண்மையான ஜூடி வெளியே நடந்து போகிறார். எண்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த ஷாட்டில் ஒட்டு தெரியவில்லை. பெயின்ட் வாளியும் இரண்டு கவுன்களும் செய்த மாயம் அது!

செட்டா, உலைக்களமா?
அன்றைய டெக்னிகலர் கேமரா, உள்ளே வரும் ஒளியைப் பிரித்து மூன்று ஃபிலிம் சுருள்களில் பதிவு செய்தது. பிரித்த பிறகும் போதுமான ஒளி மிஞ்ச வேண்டுமென்றால் செட்டில் விளக்குகளைக் கொட்டிக் குவிக்க வேண்டும். ‘ஆஸ்’ படப்பிடிப்பில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. கோழைச் சிங்கமாக நடித்த பெர்ட் லார், நிஜச் சிங்கத் தோலில் தைத்த கனத்த உடைக்குள் வெந்துகொண்டேதான் நம்மைச் சிரிக்க வைத்தார்.

வெள்ளிச் செருப்பு சிவப்பானது
ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய மூல நாவலில் டோரத்தி அணிவது வெள்ளிக் காலணி. மஞ்சள் செங்கல் பாதையில் வெள்ளி எடுபடாது. சிவப்பு பளிச்சென்று நிற்கும். அதனால் படத்தில் மாணிக்கச் சிவப்பாக மாற்றிவிட்டார்கள். அதே நாவலில் மரகத நகரத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும். ஊர் பச்சையாகத் தெரிவது அதனால்தான். படத்திலோ நகரத்தையே பச்சையாகக் கட்டிவிட்டார்கள். கதையின் கூர்மை இதில் கொஞ்சம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

சுவரிலிருந்து நீளும் கைகள்
மாயக்கதைப் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ழான் காக்தோவின் ‘அழகியும் அரக்கனும்’ (1946) படத்தைப் பாருங்கள் என்பேன். பிரெஞ்சு எழுத்தாளர் திருமதி தெ போமோன் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எடுத்த படம். மின்சாரம் அடிக்கடி போய்விடும், ஃபிலிமுக்கும் தட்டுப்பாடு.

அழகியின் தந்தை இரவில் அரக்கனின் மாளிகைக்குள் நுழைகிறார். இருண்ட நடைவழி. இருபுறச் சுவரிலிருந்தும் மனிதக் கைகள் மட்டும் நீண்டு, கொத்து மெழுகுவர்த்திகளை ஏந்தி நிற்கின்றன. அவர் நடக்க நடக்க, ஒவ்வொன்றாகத் தானே பற்றிக்கொள்கிறது. சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் துளை வழியே கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்திகளை அணைத்துப் படமெடுத்து, அந்த ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள், அணைந்தவை பற்றிக்கொண்டன. கணப்படுப்பின் இரு பக்கமும் இருக்கும் சிலை முகங்களும் உயிருள்ள மனிதர்களே. மூக்கிலிருந்து புகை வரும். கண்கள் விருந்தாளியைத் தொடரும்.

அழகியின் வீட்டுக் காட்சிகளுக்கு டச்சு ஓவியர் வெர்மீரின் ஜன்னல் வெளிச்சமும், மாளிகைக்கு குஸ்தாவ் தோரேயின் செதுக்கோவியங்களில் வரும் கடும் இருளும் முன்மாதிரி. ஒளிப்பதிவாளர் ஆன்ரி அலெகான், கலை கிறிஸ்தியான் பெரார். ‘கனவு போல’ எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும் ஒளி காக்தோவுக்குப் பிடிக்காது. கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று நின்றார். அவர் பக்கம்தான் நியாயம். மரமும் கல்லும் துல்லியமாகத் தெரிந்தால்தான் அதிலிருந்து கை நீளும்போது நமக்கு மயிர்க்கூச்செறியும்.

நிலவு நீலம் இல்லை
திரையில் நிலவொளி என்றாலே நீலம். ஆனால் நிலவிடம் சொந்த ஒளி கிடையாது; அது சூரிய ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. அளந்து பார்த்தால் பகல் வெளிச்சத்தைவிடச் சற்று மஞ்சள் பக்கமே சாய்ந்திருக்கும். அப்படியானால் நீலம் எங்கிருந்து வந்தது? மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைச் சீக்கிரம் இழக்கிறது. நீலமும் பச்சையும் அதைவிடத் துலக்கமாகப் படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானி புர்கின்யே கண்டு சொன்னது இது. லைட்டுக்கு முன்னால் நீல ஜெலட்டின் தாளைக் கட்டும் லைட்மேன், நம் கண் செய்வதை முன்கூட்டியே செய்து வைக்கிறார்.

புகை இல்லாமல் கதிர் இல்லை
சுத்தமான காற்றில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியாது. தூசியோ புகையோ இருந்தால்தான் தெரியும். மாயக் காடு, குகை, கோட்டை என எந்த செட்டாக இருந்தாலும் புகை மெஷின் கூடவே வருவதற்கு இதுவே காரணம்.

கலாட்ரியலின் கண்ணில் சீரியல் பல்பு
‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தில் (2001) தேவகுல அரசி கலாட்ரியலின் கண்களைக் கூர்ந்து பாருங்கள். மற்றவர்கள் கண்ணில் ஒரு புள்ளி ஒளி. கலாட்ரியலாக நடித்த கேட் பிளான்செட்டின் கண்ணில் மட்டும் ஒரு நட்சத்திரக் கூட்டமே மின்னும். ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னி, கிறிஸ்துமஸுக்குக் கட்டும் சீரியல் பல்புகளை ஒரு சட்டத்தில் கொத்தாகக் கட்டி அவர் முகத்துக்கு எதிரே நிறுத்தினார். அதன் பிரதிபலிப்பு அது. அந்தப் படத்துக்கு லெஸ்னி ஆஸ்கர் வாங்கினார்.

வெட்டி ஒட்டிய ஓக் மரம்
அதே படத்தில் ஹாபிட் என்னும் குள்ள இனத்தார் வாழும் ஹாபிட்டன் கிராமம் நியூஸிலாந்தின் மாட்டமாட்டா அருகே ஓர் ஆட்டுப் பண்ணையில் எழுந்தது. தோட்டங்கள் புதிதாகத் தெரியக் கூடாது என்று படப்பிடிப்புக்கு ஓராண்டு முன்பே செடி கொடிகளை நட்டுவிட்டார்கள். ஹாபிட் பில்போவின் வீட்டுக் கூரைமேல் நிற்கும் ஓக் மரம், வேறிடத்தில் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, கொண்டுவந்து பொருத்தியது. இலைகள் தைவானிலிருந்து வந்த செயற்கை இலைகள். ஒவ்வொன்றாகக் கம்பியால் கட்டினார்கள்.

மந்திரவாதி கான்டால்ஃப் உயரமாகவும் ஹாபிட் ஃப்ரோடோ குள்ளமாகவும் தெரிவதில் பாதி, கண்ணை ஏமாற்றும் தச்சு வேலை. வண்டியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஃப்ரோடோவின் இருக்கை நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. மேஜைக் காட்சியில் மேஜையே இரண்டு துண்டு, இரண்டு அளவு. கேமரா அசைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அதற்காக, கேமரா நகரும்போது நடிகர் உட்கார்ந்த மேடையும் சேர்ந்து நகரும்படி செய்தார்கள்.

கண்ணைப் பறிக்கும் இருண்ட காடு
‘தி ஹாபிட்’ படங்களின் மிர்க்வுட் காடு திரையில் சாம்பல் பூத்துக் கிடக்கும். செட்டிலோ மரங்களுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பெயின்ட்! படமெடுத்த டிஜிட்டல் கேமரா நிறங்களை வெளிறச் செய்துவிடும் என்பதால் கலைத்துறையினர் கூடுதலாகவே பூசி வைத்தார்கள்.

அறுந்து விழுந்த மெழுகுவர்த்திகள்
‘ஹாரி பாட்டர்’ முதல் படத்தில் (2001) விருந்து மண்டபத்தில் மிதக்கும் மெழுகுவர்த்திகளை முதலில் நிஜமாகவே கம்பியில் தொங்கவிட்டு எரித்தார்கள். தீயின் சூட்டில் கம்பி அறுந்து சில கீழே விழுந்தன. அதன் பிறகே கம்ப்யூட்டருக்குப் போனார்கள். ஆனால் தரையில் பதித்தது நிஜமான யார்க் கல். எட்டுப் படங்களுக்கும் கலை வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் கிரெய்க்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடியும் பத்தாண்டு தாக்குப்பிடித்தது அவர் கேட்டு வாங்கிய அந்தக் கல். தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் அறையில் அடுக்கிய பழம்பெரும் நூல்களில் பல, தோல் அட்டை போட்ட பழைய டெலிபோன் டைரக்டரிகள்! பள்ளிக் கோட்டையின் மினியேச்சருக்குள் 2,500-க்கும் மேற்பட்ட ஃபைபர் ஆப்டிக் விளக்குகள். ஜன்னல்களில் வெளிச்சம் அசைவது அவற்றால்தான்.

கண்ணைக் கட்டித் தூக்கிப்போன சிறுமி
‘நார்னியா’ (2005) படத்தில் லூசி அலமாரி வழியாகப் பனிக்காட்டுக்குள் வந்து திகைக்கிறாளே, அது நடிப்பு அல்ல. லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லிக்கு அந்த செட்டை முன்பே காட்டாமல், கண்ணைக் கட்டித் தூக்கிவந்து விட்டார்கள்.

கடைசியாக, நம்ம ‘மாயாபஜார்’
மகாபாரதத்தை ஒட்டிய கிளைக்கதை, 1957, சென்னை வாஹினி ஸ்டூடியோ. தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டில் படகும் நீரும் நிலவில் குளித்திருக்கும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கையில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. நீல ஜெலட்டினுக்கு அங்கே வேலையே இல்லை. நீர்மேல் விழும் மினுக்கமும் முகத்தில் பாதி நிழலும்தான் அவருடைய நிலா. தெலுங்குப் படத்தை 2010-இல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். வண்ணத்தில் பார்த்தவர்கள் தயவுசெய்து ஒருமுறை கறுப்பு வெள்ளையில் பாருங்கள். அதுவும் பகலில் டி.வி. முன்னால் வேண்டாம், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.