உப்பின் படிகமும் ரப்பரின் படிகமும்: பலபடிகள் ஒழுங்குபடும் முறையும் தமிழ்க் கலைச்சொல் வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாகிய பலபடிகள் படிகமாகும் முறையைக் குமரி மாவட்டத்து இயற்கை ரப்பரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது. ‘படிகம்’, ‘உறைதல்’ ஆகிய சொற்கள் தமிழில் தரும் பொருட்சாயல், இந்நிகழ்வைப் புரிந்துகொள்வதில் எவ்வாறு துணையாகவும் தடையாகவும் அமைகின்றது என்பதும் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பலபடி, படிகம், ரப்பர், உறைதல், விளைதல், கலைச்சொல்.

முன்னுரை

குமரி மாவட்டத்தின் தென்பகுதியில் புத்தளம், சாமிதோப்பு ஆகிய ஊர்களை ஒட்டி உப்பளங்கள் உள்ளன. மலையடிவாரத்தில் குலசேகரம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை முதலிய பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. தமிழ்நாட்டின் ரப்பர் விளைச்சலில் பெரும்பங்கு இம்மாவட்டத்தினுடையது. அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலிலேயே அமைந்துள்ளது. உப்பளத்தில் நிகழ்வது படிகமாதல் என்பதை எவரும் எளிதில் ஏற்பர். நெகிழ்ந்து நீளும் ரப்பரும் படிகமாகும் என்பது வியப்பாகத் தோன்றும். ஆயினும் ரப்பரின் வலிமைக்கு அடிப்படை அதன் படிகமாகும் இயல்பே. இவ்வியல்பைத் தமிழில் விளக்க முற்படும்போது சொற்களே சில இடர்ப்பாடுகளை உண்டாக்குகின்றன. அவற்றைக் களைய, நிகழ்வையும் சொல்லையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

படிகம் என்னும் சொல்

‘படிகம்’ என்பது ‘ஸ்படிகம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அது முதலில் தெளிந்த கல்லைக் குறித்தது. இலங்கைத் தமிழ் அறிவியல் நூல்கள் இதனைப் ‘பளிங்கு’ என வழங்குகின்றன. மணிமேகலையின் நான்காம் காதை ‘பளிக்கறை புக்க காதை’ எனப் பெயர் பெறும்; பளிங்கு மண்டபத்தினுள் இருப்போரின் உருவம் புறத்தே தெரியும் என்பதே அக்கதைநிகழ்வுக்கு அடிப்படை. ஆகவே படிகம், பளிங்கு ஆகிய இரு சொற்களும் தமிழ் மனத்தில் தெளிவையும் முழுமையையும் ஒருங்கே நினைவூட்டுகின்றன.

அறிவியலில் படிகம் என்பதற்குத் தெளிவு இன்றியமையாத பண்பன்று. அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே வகை அடுக்கில் மீண்டும் மீண்டும் அமைந்திருப்பதே படிகத்தின் இலக்கணம். பலபடிகளில் படிகமாதல் பெரும்பாலும் தெளிவைக் குறைக்கின்றது. ஒழுங்குபட்ட பகுதியும் ஒழுங்கற்ற பகுதியும் அருகருகே இருப்பதால் அவற்றின் இடையே ஒளி சிதறுகின்றது. பாலித்தீன் குடம் வெண்மை படர்ந்து தோன்றுவதற்கும் குளிரில் இறுகிய ரப்பர் ஒளிபுகாத் தன்மை பெறுவதற்கும் இதுவே காரணம்.

‘படிதல்’ என்னும் தமிழ் வினையோடு ‘படிகம்’ பிறப்புத் தொடர்பு உடையதன்று. ‘பலபடி’ என்னும் கலைச்சொல்லில் உள்ள ‘படி’யும் வேறே. ஒலியொப்புமையைக் கொண்டு இவற்றை ஒரே குடும்பமாகக் கருதுதல் பிழையாகும்.

சங்கிலியின் நீளமும் மடிப்பும்

உப்புக்கரைசலில் சோடிய, குளோரைடு அயனிகள் தனித்தனியே இயங்குகின்றன. நீர் ஆவியாகும்போது ஒவ்வோர் அயனியும் தனக்குரிய இடத்தைத் தடையின்றிச் சென்றடைகின்றது. பலபடியின் நிலை வேறு. இயற்கை ரப்பரில் ஐசோபிரீன் என்னும் சிறு கூறு பல்லாயிரம் முறை தொடர்ந்து ஒரே சங்கிலியாக அமைந்துள்ளது. ஒரு கூறு தனக்குரிய இடத்தை அடையவேண்டுமாயின் அதன் முன்னும் பின்னும் உள்ள கூறுகளும் உடன் நகர்தல் வேண்டும். சங்கிலிகளோ வலைக்குவியலில் நூல்கள் சிக்குண்டு கிடப்பதுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே பலபடி முழுமையாகப் படிகமாவதில்லை. ஒரு பகுதி ஒழுங்குபடுகின்றது, எஞ்சியது ஒழுங்கற்றே நிற்கின்றது.

ஒழுங்குபடும் பகுதியின் வடிவத்தை 1957இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கெல்லர் தெளிவுபடுத்தினார். நீர்த்த கரைசலிலிருந்து அவர் பெற்ற பாலித்தீன் படிகங்கள் ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிப்புடைய மெல்லிய தகடுகளாக இருந்தன. சங்கிலியின் நீளம் அத்தடிப்பைப் போலப் பன்மடங்கு. சங்கிலிகளோ தகட்டின் பரப்புக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நின்றன. எனவே ஒவ்வொரு சங்கிலியும் முன்னும் பின்னுமாக மடிந்து மடிந்தே தகட்டினுள் அமைந்திருத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். உருகிய பலபடி குளிரும்போது இத்தகைய தகடுகள் ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் கிளைத்துக் கோளத்திரள்களாக வளர்கின்றன.

மீனவர் பயன்படுத்தும் நைலான் வலை நூலிலும் பாலித்தீன் கயிற்றிலும் இம்மடிப்பமைப்பு வேறொரு நிலையை அடைகின்றது. ஆலையில் இழையை இழுத்து நீட்டும்போது தகடுகள் சிதைந்து, சங்கிலிகள் இழையின் நீளவாட்டில் நிமிர்ந்து மீண்டும் படிகமாகின்றன. வலையின் வலிமை இவ்வாறு பெறப்பட்டதே. பாலித்தீன் படிகம் உருக ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நைலானுக்கு அதனினும் மிகுதி. எனவே இழுத்த கையை விட்டாலும் அவ்வொழுங்கு குலைவதில்லை.

ரப்பரின் நிலையா ஒழுங்கு

ரப்பரில் ஒழுங்கு தோன்றி மறைகின்றது. நீட்டப்படாத ரப்பரின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் மங்கலான வளையமே பதிவாகும். அது ஒழுங்கின்மையின் அடையாளம். நீட்டிய ரப்பரில் படிகங்களுக்குரிய தெளிவான புள்ளிகள் தோன்றுவதை 1925இல் ஜே. ஆர். காட்ஸ் கண்டறிந்தார். விட்டவுடன் புள்ளிகள் மறைந்தன. அறைவெப்பநிலையில் ரப்பரை மூன்று, நான்கு மடங்கு நீட்டும்போது இப்படிகமாதல் தொடங்குகின்றது.

இதன் காரணத்தை 1947இல் பால் ஃபுளோரி கோட்பாட்டு முறையில் விளக்கினார். தளர்ந்து கிடக்கும் சங்கிலி எண்ணற்ற வடிவங்களை ஏற்க வல்லது. படிகமாகும்போது அவ்வுரிமையை அது இழக்கவேண்டும். இவ்விழப்பே படிகமாதலுக்குத் தடை. நீட்டப்பட்ட சங்கிலி முன்னரே பல வடிவங்களை இழந்துவிட்டது. ஆகவே அது படிகமாக இழக்கவேண்டியது சிறிதே. இதனால் படிகம் உருகும் வெப்பநிலை அறைவெப்பநிலைக்கு மேலே உயர்ந்து, படிகம் நிலைபெறுகின்றது. விட்டவுடன் அவ்வெப்பநிலை தாழ்ந்து படிகம் உருகிவிடுகின்றது. அகன்ற ரப்பர் வளையம் ஒன்றை விரைந்து நீட்டி உதட்டில் வைத்தால் வெம்மை தெரியும், விட்டால் குளிரும். ஜான் கஃப் 1805இல் வெளியிட்ட இச்சோதனையில் உணரப்படும் வெம்மையில், மிகுதியாக நீட்டும்போது, படிகமாதலால் வெளிப்படும் வெப்பமும் ஒரு பங்கு.

இவ்வியல்பு எல்லா ரப்பருக்கும் வாய்ப்பதன்று. இயற்கை ரப்பரின் சங்கிலியில் ஐசோபிரீன் கூறுகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே வகையாக இணைந்துள்ளன. இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் சங்கிலி தொடர்கின்றது. இதனைச் சிஸ் அமைப்பு என்பர். அதே ஐசோபிரீன் எதிர்ப்பக்கமாக இணைந்தால் கட்டாபெர்ச்சா உண்டாகும். அதன் சங்கிலிகள் எளிதில் அடுங்குவதால் அது சாதாரண வெப்பநிலையிலேயே படிகமாகி இறுகி நிற்கும். ஸ்டைரீன், பியூட்டாடையீன் ஆகியவற்றை ஒழுங்கின்றிக் கலந்து செய்யும் செயற்கை ரப்பரோ நீட்டினாலும் படிகமாவதில்லை.

விரிசலில் இவ்வேறுபாடு வெளிப்படுகின்றது. டயரில் விரிசல் தோன்றினால் அதன் முனையிலேயே ரப்பர் மிகுதியாக நீட்சியுறும். இயற்கை ரப்பர் அவ்விடத்தில் படிகமாகி வலுப்பெற்று விரிசலின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. கனரக லாரி, வானூர்தி ஆகியவற்றின் டயர்களில் இன்றும் மரத்து ரப்பர் பெரும்பங்கு பெறுவதற்கு இப்பண்பு ஒரு முதன்மைக் காரணம். விலையேற்ற இறக்கங்களுக்கு இடையே குமரி மாவட்டத்துப் பால்வெட்டுத் தொழில் நிலைபெற்றிருப்பதன் பின்னே மூலக்கூற்றின் இச்சிறு ஒழுங்கும் உள்ளது எனலாம்.

உறைதலும் விளைதலும்

தோட்டத்தில் சிரட்டையிலோ கிண்ணத்திலோ சேரும் பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறைய வைப்பர். பின்னர் ரோலரில் அழுத்தி, ஷீட்டாக்கிப் புகையூட்டுவர். இங்கு நிகழும் உறைதல், பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒன்றுசேர்வதேயாகும். சங்கிலிகள் அடுக்காக ஒழுங்குபடுவதில்லை. கந்தகம் சேர்த்து வெப்பமூட்டும் வல்கனைசேஷனில் சங்கிலிகளின் இடையே குறுக்கிணைப்புகள் உண்டாகின்றன. அதுவும் படிகமாதலின் வேறானது. குளிர்நாடுகளில் சேமிக்கப்படும் கச்சா ரப்பர் குளிரால் கல்போல் இறுகும். மைனஸ் 25 பாகை செல்சியஸ் அளவில் இம்மாற்றம் மிக விரைவாக நிகழும். ஆலைகள் அதனை வெப்ப அறையில் வைத்துத் தளர்த்திய பின்னரே பயன்படுத்தும். இது மெய்யான படிகமாதல். குமரியின் தட்பவெப்பத்தில் ரப்பர் இவ்வாறு இறுகுவதில்லை. எனவே தோட்ட வழக்கில் இதற்குத் தனிச்சொல் தோன்ற வாய்ப்பில்லை. பாடநூல் இதனையும் ‘உறைதல்’ என்று எழுதினால், ரப்பர்த் தோட்டத்து மாணவர் அமிலம் சேர்த்த பாலையே நினைப்பர். இரு வேறு நிகழ்வுகள் ஒரே சொல்லில் மயங்கும்.

மாறாக, உப்பள வழக்கு ஒரு நல்ல வினையைத் தருகின்றது. உப்பு ‘விளைகிறது’ என்பதே மக்கள் வழக்கு. கருவாகத் தோன்றிப் படிப்படியாக வளர்தல் என்னும் படிகமாதலின் இரு நிலைகளையும் அவ்வினை தன்னுள் கொண்டுள்ளது. ‘விளைவு’ என்னும் பெயர்ச்சொல் பயன் என்னும் பொருளில் வழங்குவதால் கலைச்சொல்லாகப் பொருந்தாது. விளக்க உரைநடையில் ‘படிகம் விளைகிறது’ எனல் பொருந்தும். முழுமையின்மையைச் சுட்டப் ‘பகுதிப்படிகம்’ என்பதையும், ரப்பரின் சிறப்பியல்புக்கு ‘இழுப்புவழிப் படிகமாதல்’ என்பதையும் கையாளலாம்.

முடிவுரை

பலபடிகள் சங்கிலியின் நீளத்தால் முழு ஒழுங்கை அடைவதில்லை. சங்கிலி சீராக அமைந்திருந்தால் பகுதியளவில் ஒழுங்குபடுகின்றன. பாலித்தீனிலும் நைலானிலும் அவ்வொழுங்கு நிலைக்கின்றது. ரப்பரில் இழுக்குமளவே நிற்கின்றது. ‘படிகம்’ என்னும் சொல்லை விலக்கவேண்டிய தேவை இல்லை. அதன் பழம்பொருளாகிய தெளிவும் முழுமையும் பலபடிகளுக்குப் பொருந்தா என்பதைச் சொல்லோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். தோட்டத்தின் ‘உறைதல்’ தனக்குரிய நிகழ்வுக்கே உரியதாக இருப்பதும், உப்பளத்தின் ‘விளைதல்’ அறிவியல் உரைநடைக்குள் வருவதும் அக்கற்பித்தலுக்குத் துணைபுரியும்.